சின்ன மானுக்கு எந்தத் துவக்கு

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோ நகரத்து லிபெர்த்தாப் பகுதியில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். ஒரு நாள் வீட்டுக்கார சின்யோர் மான் வேட்டைக்குப் போகவென்று சாப்பாட்டு மேசையில் இரண்டு ரைபிள்களை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துவக்கு எண்ணெயின் வாசம் என்னை மன்னார்க் காட்டோரத்தில் இருந்த எங்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

அப்போது நான் சின்னப்பிள்ளை. அக்காவின் கலியாணத்துக்கு மான் சுடச் சித்தப்பா புறப்பட்டார். அப்பாவிடம் பெரிய ரைபிள் ஒன்றும், முயல் சுடுகிற சின்னது ஒன்றும் இருந்தன.

"சின்ன மான்தானே அண்ணை. பெரிசால சுட்டா இறைச்சி சிதறிப்போம். இது காணும்," என்று சித்தப்பா சின்னதை எடுத்தார்.

"காணாதடா. காயத்தோட ஓடும். நீயும் பின்னால ஓடவேண்டி வரும்," என்றார் அப்பா. ஆனால் கலியாண நேரத்தில் வாக்குவாதம் வேண்டாமென்று விட்டுவிட்டார்.

மான் காயத்தோடுதான் ஓடியது. சித்தப்பாவோடு கூடப்போன ஊர்க்காரர் களைத்துத் திரும்பிவிட்டார். சித்தப்பா இரத்தத் துளிகளைப் பார்த்தபடி காட்டுக்குள் போனார். ஊரே திரண்டு தேடியும் அவர் கிடைக்கவில்லை. கலியாணம் நின்றுபோனது. சின்னம்மா அழுகையை நிறுத்திய பிறகு ஒரே ஒரு முறை அப்பாவிடம் கேட்டா.

"தெரிஞ்சும் ஏன் அத்தான் விட்டனீங்கள்?"

அப்பா எழுந்துபோய், பெரிய ரைபிளைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார்.

"உங்கள் ஊரில் சின்ன மானுக்கு எந்தத் துவக்கு எடுப்பார்கள்?" என்று சின்யோர் துடைத்தபடியே இத்தாலிய மொழியில் கேட்டார்.

"தெரியாது, சின்யோர்," என்று சொல்லிவிட்டு, கோப்பி போடக் குசினிக்குள் போனேன்.