சூப் இலை

என் பேஸ்மென்ற் வீட்டு வாசற்படியில் ஒரு வெள்ளை வாளி இருக்கிறது. முட்டைக்கோவா ஊறுகாய் வந்த வாளி. அதில் ஒரு செடி நிற்கிறது. பனிக்காலத்தில் செத்தது மாதிரிக் கிடக்கும். ஏப்ரலில் முளை விடும். பார்த்தால் செலரி இலை. கசக்கினால் செலரியைவிடப் பலமான மணம், கை கழுவினாலும் போகாது. பெயர் லவேஜ். நாங்கள் சூப் இலை என்போம். இதைத் தந்தவர் அண்ணை.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. நான் வேலை செய்த றெஸ்ரோரன்றின் பெரிய சமையற்காரர். யாழ்ப்பாணத்தில் அச்சுவேலி மனிதர். முதலாளி ருமேனியாவிலிருந்து வந்த பெண். சாப்பிட வருகிறவர்களும் பெரும்பாலும் அந்த நாட்டவர்கள்தான். அவர்களுடைய புளிச் சூப்பை இருபது வருடமாக வைத்தவர் அண்ணை. தன் அம்மா வைத்த சூப் மாதிரியே இருக்கிறது என்று ஒரு கிழவர் அழுததைக் கண்டிருக்கிறேன். அண்ணை வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அவற்ற அம்மா அச்சுவேலியோ எண்டு கேட்டுப் பார் தங்கச்சி" என்றார்.

நான் மட்டக்களப்பு. பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. சமையல் தெரியும் என்ற துணிவில் வேலைக்குப் போனேன். முதல் நாளே அந்த இலையைக் கறிவேப்பிலை மாதிரிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டுத் தாளித்துவிட்டேன். கருகியது. ஒரு பெரிய பானை சூப் கைத்துப் போயிற்று. அண்ணை ஏசவில்லை. பானையைச் சிங்கில் கவிழ்த்தார். "உது கறிவேப்பிலை இல்லை. அடுப்பை நிப்பாட்டு. இலையைப் போடு. மூடு. பிறகு உன்ர வாயையும் மூடு."

ஒரு பனிக்காலம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு கிழமையில் எழும்பி வந்தார். மணம் பிடிக்கிற மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. அதை அவர் சொல்லவில்லை. ஒருநாள் மரக்கறிக் கடைக்காரன் மாறிச் செலரி இலையை அனுப்பியிருந்தான். அண்ணை அதைக் கசக்கி மூக்கருகே பிடித்தார். தலையாட்டினார். நறுக்கத் தொடங்கினார். இருபது வருடம் அந்த இலையோடு நின்ற மனிதர். நான் பிரிட்ஜில் மிச்சமிருந்த சூப் இலையை எடுத்து வெட்டிப் போட்டேன். என் கையைக் கனநேரம் பார்த்தார். "மணக்குதோ?" என்றார். "ஓம் அண்ணை." அதற்குப் பிறகு ஒவ்வொரு பானைக்கும் அதே கேள்வி, அதே பதில். இறைச்சி, பால், எண்ணெய் எல்லாவற்றையும் நான் மணந்து பார்த்தேன். மூக்கில்லாத சமையற்காரரை யார் வைத்திருப்பார்கள்? அவருக்கு வேறு தொழில் தெரியாது.

எட்டு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் எனக்குப் பல்லுவலி, வேலைக்குப் போகவில்லை. முந்தின நாள் சூப் பழுதாகியிருந்தது. அண்ணை அதைச் சூடாக்கி, இலை போட்டு, மேசைக்கு அனுப்பினார். முதற் கோப்பையைத் திருப்பி அனுப்பியவர் அந்தக் கிழவர். மறுநாள் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, அண்ணைக்கு மணம் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். முதலாளிக்கு அது போதுமாயிருந்தது.

அண்ணை ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். றெஸ்ரோரன்றின் பின்வளவில் அவர் வளர்த்த சூப் இலைச் செடியில் ஒரு கிழங்கைப் பிளந்து, இந்த வாளியில் நட்டு என்னிடம் தந்தார். "நீ ஒண்டும் சொல்லேல்லையாம்" என்றார். அவ்வளவுதான். அது நன்றியா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அவர் நகரத்துக்கு வெளியே அஜக்ஸ் என்ற ஊரில், மகன் வீட்டில். பகலில் தனியே இருக்கிறார். சமைக்க விடுவதில்லை, ஒருமுறை காஸ் திறந்து கிடந்ததும் அவருக்குத் தெரியவில்லை. போன மார்ச்சில் சூப் கொண்டுபோனேன். இரண்டு வாய் குடித்தார். அவருடைய கேள்வியை நான் கேட்டேன்.

"மணக்குதோ அண்ணை?"

"ஓம். இலை நல்லா மணக்குது."

வாளியில் அப்போது உறைந்த மண்தான் இருந்தது. சூப்பில் நான் இலை போடவில்லை.

இன்று செடி ஒரு சாண் உயரம். அஜக்ஸ் போகவேண்டும். அடுப்பை நிறுத்தி, இலையைப் போட்டு, மூடிவைத்திருக்கிறேன். போட்டாலும் போடாவிட்டாலும் அவர் ஓம் என்றுதான் சொல்வார். நான் கேட்கப் போவதில்லை. இலை கிள்ள உள்ளே எடுத்த வாளியைப் படியில் திரும்ப வைத்தேன். விரல் இன்னும் மணக்கிறது.