தெரிந்த கேள்வி

மில்லர்புரத்தில் ஆனிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஏதோ ஐஸ் பெட்டி கம்பெனி என்பார் ஒருவர். வெளிநாட்டு மிஷினோடு நாளெல்லாம் பேசுகிறாள் என்பார் இன்னொருவர். அட, இரண்டிலுமே பாதி உண்மை இருக்கிறது, அதுதான் வேடிக்கை.

எம்.சி.ஏ. படித்து, பாலிடெக்னிக்கில் பதினைந்து வருஷம் தொண்டைத்தண்ணி வற்றப் பாடம் நடத்தியவள். நாற்பத்தாறு வயதில் இப்போது வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் நம்ம சாதாரண கம்ப்யூட்டருக்கும் நடுவில் நிற்கும் புரோகிராம் எழுதுகிற வேலை. அந்தக் குவாண்டம் மிஷின் கண்காணாத தேசத்தில், மார்கழிக் குளிரெல்லாம் பிச்சை வாங்குகிற குளிரில் இருக்கிறது. பேர்தான் பெத்த பேர். தனியாக விட்டால் அதற்கு ஒன்றும் ஓடாது. இப்படி நில், அப்படித் திரும்பு என்று சாதாரண கம்ப்யூட்டர்தான் சிக்னல் அனுப்ப வேண்டும். குவாண்டம் மிஷின் பூச்சியம் என்றோ ஒன்று என்றோ பதில் சொல்லும். அந்த ஒரு பதிலை நம்பி எதுவும் செய்ய முடியாது. அதே கேள்வியை ஆயிரம் தடவை கேட்டு, எது எத்தனை தடவை வந்தது என்று எண்ணி, கேள்வியைக் கொஞ்சம் திருத்தி, மறுபடி அனுப்ப வேண்டும். எண்ணுவதும் திருத்துவதும் சாதாரண கம்ப்யூட்டரின் பாடு.

இதையெல்லாம் ஆனி விளக்கியபோது சட்டென்று பிடித்துக்கொண்டவர் அவள் புருஷன் அம்புரோஸ். துறைமுகத்தில் டக் ஓட்டும் சுக்கானி அவர். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கிற சின்னக் கப்பல்தான் டக். “ஏளா, அப்ப அது கப்பல், நீ டக்கு. எம்மாம் பெரிய கப்பலா இருந்தாலும் தானா வந்து பெர்த்துல நின்னுருமா?” என்றார். அன்றைக்கு ஆனிக்கு வந்த பெருமை சொல்லி மாளாது.

அந்த மனுஷன்தான் போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், பக்கவாதத்தில் விழுந்தார். கால் திரும்பியது, கை பாதி திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. டக்கில் நின்று அவர் போடும் சத்தம் கரைவரைக்கும் கேட்கும். அந்த வாயில் மிஞ்சியது ரெண்டே சொல், ‘ஆமா’, ‘இல்ல’. நாம் சொல்வது அவருக்கு விளங்குகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை என்றார் டாக்டர்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. ரெண்டு சொல் இருந்தால் குடும்பம் நடத்திவிடலாம் என்று ஆனி மனசைத் தேற்றிக்கொண்டாள். சாப்பிடுதியளா என்று கேட்டால் “இல்ல” என்பார். அவள் சட்டை பண்ணாமல் பரிமாறுவாள், அவரும் சாப்பிட்டுவிடுவார். நல்லா இருந்த காலத்திலும் அவர் அப்படித்தானே! இன்னும் ரெண்டு இடியாப்பம் வைக்கவா என்றால் முதலில் வேண்டாம்தான். நம்ம பக்கத்தில் யார் முதல் தடவையே வேணும் என்று தட்டை நீட்டுகிறார்கள்? டிவியை அணைக்கவா என்றால் “ஆமா” என்பார். அணைத்தால் முகத்தைத் தூக்கிக்கொள்வார். சீக்காளிக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் மனசு மாறும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவர் பிறந்த ஊரான புன்னைக்காயலிலிருந்து அவர் அக்கா மரியசெல்வி வந்தாள்.

“கோவிச்சுக்கிடாத ஆனி. நீ விடிஞ்சா பொட்டி முன்னாடி உக்காந்துருத. தம்பி ஒத்தையில சுவரப் பாத்துக்கிட்டு கெடக்கான். அங்கன வந்தா கடலையாவது பாப்பான். நான் வச்சுப் பாத்துக்கிடுதேன்” என்றவள், தம்பி பக்கம் திரும்பினாள். “ஏலே, எங்கூட வாரியா?”

“ஆமா.”

ஆனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு மதினி போனதும், அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டாள்.

“நெசமாவே என்னைய விட்டுட்டுப் போறியளா?”

“ஆமா.”

“இங்கனயே எங்கூட இருக்கியளா?”

“இல்ல.”

இதற்குமேல் என்ன கேட்பது? அடுப்படிக்குப் போய் வாய்விட்டு அழுதாள். தான் கவனித்தது போதவில்லை, அந்தப் பாழாய்ப்போன வேலைதான் மனுஷனை வெறுக்க வைத்துவிட்டது என்று தன்னையே வைதுகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கார் வருகிறது. வெள்ளிக்கிழமை பையில் சட்டைகளை அடுக்கினாள். அம்புரோஸ் இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டார். தேய்க்காத சட்டை பிடிக்கவில்லைபோல என்று, பாவி, அத்தனையையும் தேய்த்து மறுபடி அடுக்கினாள்.

சனிக்கிழமை காலையில் ஜாபேஸ் போன் பண்ணினார். நம்ம பக்கத்து நாசரேத்துக்காரர், பெங்களூரில் அவளுக்கு மேலதிகாரி.

“ஆனி, மிஷின் ரிசல்ட் பூராவும் ஏறுக்கு மாறா இருக்கு.”

“காலிப்ரேஷன் ஓட்டினியளா சார்?”

“அவசரத்துல விட்டுட்டேன்.”

இருந்த எரிச்சலில் அவள் மேலதிகாரி என்றும் பார்க்கவில்லை. “நல்லா இருக்கு சார் நீங்க செஞ்ச வேல! பூச்சியத்தக் கையில குடுத்துட்டு, என்னன்னு முதல்ல கேக்கணும். ஒண்ணக் குடுத்துட்டுக் கேக்கணும். எத்தன தடவ மாத்திச் சொல்லுதுன்னு தெரிஞ்சாத்தான மத்த பதில நேராக்க முடியும்? பதில் தெரிஞ்ச கேள்வியக் கேட்டுப் பாக்காம, தெரியாத கேள்விக்கு அது சொன்னத எப்படி நம்பு...”

பாதியில் நின்றுவிட்டாள். போனை வைத்தது யார் என்று அவளுக்கு நினைவில்லை.

அம்புரோஸ் ஜன்னலோரம் இருந்தார். ஆனி ஒரு பென்சிலையும் பழைய காலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“உங்க பேரு அம்புரோஸா?”

“இல்ல.”

“நீங்க பொறந்தது மதுரையா?”

“ஆமா.”

“நான் உங்க பொண்டாட்டியா?”

“இல்ல,” என்றார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

ஒரு பதிலை நம்பக் கூடாது என்று அவளுக்கா தெரியாது? சாயங்காலம்வரை கேட்டாள். நாற்பது கேள்வியில் முப்பத்தாறு தலைகீழ். பாதிக்குப் பாதி மாறியிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. இப்படி விடாமல் மாறினால் அதுவும் தெளிவான பேச்சுதான். மாதக்கணக்கில் அந்த மனுஷன் ஒழுங்காகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை. “நீங்க போகமாட்டேன் போகமாட்டேன்னு கதறியிருக்கிய, நான் சட்டையத் தேச்சுக்கிட்டு இருந்திருக்கேனே!” என்று அவர் மடியில் தலையை வைத்து ஆனி அழுதாள். அம்புரோஸ் இடது கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மரியசெல்வி காரோடு வந்தாள்.

“தம்பி, கெளம்புவமா?”

“ஆமா!”

“வரமாட்டாராம் மதினி” என்றாள் ஆனி.

“என்னளா அநியாயமா இருக்கு? என் காது கேக்க ஆமாங்கான்!”

“சண்ட பெறவு போடுவோம் மதினி. நீங்க அவருக்கு அக்காவான்னு கேளுங்க.”

மரியசெல்வி முறைத்துக்கொண்டே கேட்டாள். “ஏலே, நான் ஒன் அக்காவா?”

“இல்ல.”

அவள் முகம் வெளுத்தது. ஆனி காலண்டர் தாளை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். மரியசெல்வி தாளைப் பார்க்கவில்லை. தம்பியின் கண்ணையே பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தாடையைப் பிடித்துக் கேட்டாள்.

“அப்ப, ஒன் பொண்டாட்டிகூடவே இருந்துக்கிடுதியா ராசா?”

“இல்ல!” என்றார் அம்புரோஸ். டக்கில் நின்று போடுகிற அதே சத்தம். “இல்ல! இல்ல!”

மரியசெல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையைத் திறந்து, தேய்த்த சட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே பீரோவில் அடுக்கத் தொடங்கினாள்.