இடியாப்பம் என்றால்தான் வெளியே வருவாள்

ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே ஜவுளிக்கடையில் என் மானம் போயிற்று.

தென்காசி பஜாரில் இருக்கிற கடை. அக்கா எனக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மகள் என் மடியில். எதிரே புதிதாகச் செல்போன் கடை திறந்தவர், திறப்பு விழாவுக்கு ஒரு பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார். நான் எதையும் யோசிக்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு சேலை விரிக்கும் மேடைக்கு அடியில் புகுந்துவிட்டேன். அவளும் பழகியவள்போல முழங்காலைக் கட்டிக்கொண்டு, உதட்டில் விரல் வைத்து, பேசாமல் இரு என்று எனக்கே ஜாடை காட்டினாள். சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி நிதானமாகக் குனிந்து பார்த்தார்.

“கீழ கெடக்கது எல்லாம் போன தீவாளி ஸ்டாக்கும்மா. மேல வாங்க, புதுசு காட்டுதேன்.”

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். “ரெண்டு வருசம் அமெரிக்காவுல இருந்தவ, வந்ததும் இங்கிலீசு பேசி நம்மள மெரட்டுவான்னு நெனச்சேன். நீ என்னட்டி, எலி மாதிரி பொந்துக்குள்ள போத?”

நியாயமான கேள்விதான். என் கணவர் வேலை பார்க்கிற அந்த நாட்டில் எல்லாம் உண்டு. தெருவில் குப்பை இல்லை, ஹாரன் இல்லை, பாலில் தண்ணீர் இல்லை. அவ்வப்போது யாராவது ஒருவர் துப்பாக்கியோடு பள்ளிக்கோ கடைக்கோ போய்விடுகிறார், அவ்வளவுதான். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், பூங்கொத்து வைக்கிறார்கள், மறுநாள் பிள்ளையை டிபன் டப்பாவோடு பஸ் ஏற்றிவிடுகிறார்கள். நானும் ஏற்றினேன்.

நாங்கள் இருக்கும் ஊரில் அப்படி எதுவும் நடந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் டிவியில் வந்து, “எங்க ஊர்ல நடக்கும்னு நினைக்கவே இல்லை” என்று சொல்பவர்கள் எல்லாரும் அதுவரை நடக்காத ஊர்க்காரர்கள். இதைக் கவனித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. படித்தவள் அல்லவா, பயத்தையும் முறையாகப் படித்தேன். சூப்பர் மார்க்கெட்டில் தயிர் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் பின்னால் ஊழியர்கள் போகும் கதவு ஒன்று உண்டு. நான் தயிர்ப் பக்கமே நின்றுகொண்டிருந்ததால் எங்கள் வீட்டில் தயிர் தீர்ந்ததே இல்லை. நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும்போது மற்ற தாய்மார் கதை சொல்பவரைப் பார்ப்பார்கள், நான் வாசலைப் பார்ப்பேன். சினிமா வேண்டாம் என்றேன். தெரு ஊர்வலம் வேண்டாம் என்றேன். “அதுக்கெல்லாம் வாய்ப்பு ரொம்பக் கம்மி” என்பார் கணவர். லாட்டரி விழுகிற வாய்ப்பும் கம்மிதான். அவர் வாராவாரம் வாங்குகிறார்.

மகளின் பள்ளியில் இதற்கென்றே பயிற்சி கொடுத்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு மூலையில் ஒண்டி உட்கார வேண்டும். வெளியிலிருந்து யார் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. கழிப்பறையில் இருந்தால் கோப்பையின் மேல் ஏறி நின்றுகொள்ள வேண்டும், கதவுக்கு அடியில் கால் தெரியக் கூடாது. டீச்சர் மிக இனிமையானவர். பயிற்சி முடிந்ததும் நட்சத்திர ஸ்டிக்கர் தருவார். மகள் அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவள்போல வருவாள்.

பள்ளியில் எதை நடத்தினாலும் வீட்டில் ரிவிஷன் வைக்காவிட்டால் நம் ஊர்க்காரர்களுக்கு நெஞ்சு ஆறாது. என்னை அப்படித்தான் வளர்த்தார்கள், நானும் அப்படித்தான் வளர்த்தேன். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பிக்க வைத்தேன். அம்மா கூப்பிட்டாலும் வரக் கூடாது. அம்மா அழுதாலும் வரக் கூடாது. ரகசியச் சொல்லைச் சொன்னால்தான் வர வேண்டும். பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுவது நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே அந்தச் சொல்லையும் அடிக்கடி மாற்றினேன். நாங்கள் சாப்பாட்டுப் பிரியர்கள் என்பதால் எல்லாமே சாப்பாட்டுப் பெயர்கள்.

அவளுக்கு ஆகஸ்டில் அங்கே முதல் வகுப்பு. திரும்பிப் போக டிக்கெட் போட்டாயிற்று. அவளை அந்தப் பள்ளிக்கு மறுபடி அனுப்புவதா, ஊரோடு வைத்துக்கொள்வதா என்ற கேள்வியைப் பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுவந்திருந்தேன். ஜவுளிக்கடையில் பட்ட அவமானத்துக்குப் பிறகு அக்காவிடம் மட்டும் அதைப் பிரித்துக் காட்டினேன்.

“விசா கெடைக்கலன்னு ஒருத்தி கோயில் கோயிலா ஏறுதா. கெடச்சவ போறதுக்குப் பயப்படுதா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, ஒனக்குத் தலையில சூடு ஏறிருக்கு. குத்தாலத்துல போய் நின்னா தெளியும். சாரல் நல்லா இருக்காம், நாளைக்குப் போவோம்” என்றாள்.

பைத்தியம் தெளிய அருவியில் நிற்க வைப்பது எங்கள் பக்கத்து வைத்தியம். மறுப்பதற்கு என்னிடம் காரணம் இல்லை.

வாரநாள் என்பதால் மெயினருவியில் கூட்டம் குறைவு என்றாள் அக்கா. குறைந்த கூட்டமே பெண்கள் பக்கம் தோளோடு தோள் இடித்தது. வழக்கம்போல நான் முதலில் வெளியேறும் வழியைத் தேடினேன். முன்னால் பாறை, மேலே தண்ணீர், பின்னால் ஈரப் படிக்கட்டு, படிக்கட்டில் குரங்கு. அதற்கு மேலே சிப்ஸ் கடைகள். என் கணக்குப்படி மனிதர் போகக் கூடாத இடம். ஆனால் இத்தனை பேரும் சீயக்காயைத் தேய்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவள் காலை மிதித்துக்கொண்டு, ஏதோ சொந்தக் குளியலறையில் நிற்பதுபோல நின்றார்கள்.

மகளை நனைத்து, உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய்த் துவட்டி, கவுன் மாட்டிவிட்டேன். அறை வாசலில் அக்கா பையோடு நின்றாள்.

“பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். நீ போய் ஒரு தடவ நல்லா நின்னுட்டு வா. சும்மா வெரல நனைக்கதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?”

போனேன். அருவிக்கு அடியில் காது கேட்காது. கண்ணைத் திறக்க முடியாது. யார் வருகிறார்கள், வாசல் எங்கே என்று பார்க்க வழியே இல்லை. தண்ணீர் நடு மண்டையில் அடிக்க, இரண்டு வருடத்தில் முதல் முறையாக நான் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சுகமாகத்தான் இருந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். போலீஸ்கார அம்மா. விசில் வாயிலேயே இருந்தது. மலையில் மழை போட்டிருக்கிறதாம், தண்ணீர் கலங்கி வருகிறதாம். சைரனும் அலறத் தொடங்கியது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு படியேறினார்கள். இங்கே அதுதான் பயிற்சி. கத்து, கையைப் பிடி, மேலே ஓடு. யாரும் ஸ்டிக்கர் கொடுத்துச் சொல்லித் தரவில்லை.

அறை வாசலில் அக்கா பையை இறுக்கிப் பிடித்தபடி நாலு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தாள். குரங்கு பையை இழுத்திருக்கிறது. அதை விரட்டிவிட்டுத் திரும்பினால் பிள்ளை இல்லை.

“இங்கனதான் நின்னா. சத்தம் கேட்ட ஒடன…” என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் கேட்டதும் அவள் என்ன செய்வாள் என்று உலகத்தில் என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

உள்ளே ஓடினேன். அறை காலியாகிக்கொண்டிருந்தது. வரிசையாகத் தடுப்புகள், கீழே இடைவெளி விட்ட கதவுகள். அக்கா ஈரத் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் பார்த்தாள். “ஒரு கால்கூடத் தெரியலியே.” தெரியாது. தெரியாமல் நிற்கத்தானே நட்சத்திரம் வாங்கினாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கெஞ்சினேன். அழுதேன். எதற்கும் சத்தமில்லை. எல்லாமே நான் ஒப்பிக்க வைத்த பாடம்தான்.

சொல். அந்தச் சொல் என்ன?

“ரசம்” என்று கத்தினேன். “ஜிலேபி. அவியல். பூரி.”

கடைசியாகச் சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிய ஒரு அம்மா நின்று திரும்பினாள். “வெள்ளம் வருதுங்கான், இவ என்ன இங்கன ஓட்டல் நடத்துதா?”

“பிள்ளையக் காங்கலம்மா” என்றாள் அக்கா.

அந்த அம்மா அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அவளும் உள்ளே வந்து, “ஏட்டி பாப்பா, ரசம், வெளிய வாட்டி” என்று கூப்பிட ஆரம்பித்தாள். புதுக் குரல் கேட்டால் இன்னும் அமைதியாக இருக்க வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. வாசலில் போலீஸ்கார அம்மா விசிலடித்துக்கொண்டே இருந்தார். “கல்யாணமா நடக்கு உள்ள? வெளிய வாங்கம்மா.” வாசற்படியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஏறியிருந்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் மாற்றியது. என்னவென்று மாற்றினேன்? அன்று அவள் தட்டில் எதை மிச்சம் வைத்தாள்?

“இடியாப்பம்.”

கடைசித் தடுப்பின் கதவு அசைந்தது. கொண்டி எட்டாததால் கதவைச் சாத்திவிட்டு, அதன் பின்னால் இருந்த சிமெண்டுத் திண்டில் ஏறி, சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறாள். நாங்கள் அந்தக் கதவை இரண்டு முறை தாண்டிப் போயிருந்தோம். இறங்கி வந்து என்னைக் கண்டிப்போடு பார்த்தாள்.

“அம்மா, நீ ரொம்பச் சத்தம் போட்ட. அவனுக்குக் கேட்டிருக்கும்.”

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் குளித்த இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பிகளே தண்ணீருக்குள் மறைந்திருந்தன. சிப்ஸ் கடைக்காரர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு மகளிடம் ஒரு நேந்திரங்காய்த் துண்டை நீட்டினார். வாங்கலாமா என்று என்னைக் கேட்டுவிட்டு வாங்கினாள். எல்லா விதிகளையும் கடைப்பிடிக்கிற பிள்ளை.

சாயங்காலம் கணவரிடம் போனில் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, “அப்ப பாரு, அவ சொல்லிக் கொடுத்ததைச் சரியாத்தானே செஞ்சிருக்கா” என்றார். குரலில் பெருமையும் இருந்தது, நடுக்கமும் இருந்தது. ஆமாம், முதல் மதிப்பெண். அம்மா அழுகிற சத்தம் கேட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

“இந்த வருசம் அவ இங்க படிக்கட்டும்” என்றேன்.

அவர் வாய்ப்பு குறைவு என்று ஆரம்பிக்கவில்லை. “டிக்கெட்ட என்ன செய்யணும்னு பாக்கேன்” என்றார்.

நாங்கள் திரும்பிப் போகவில்லை என்ற செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். புருஷனோடு என்ன மனத்தாங்கல் என்று ஜாடையாகக் கேட்டார்கள். துப்பாக்கி என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. ஆகவே மாமியார் வீட்டுத் தோப்பில் தகராறு என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு நிம்மதியாகக் காப்பி குடித்தார்கள்.

அக்கா பிள்ளைகள் படித்த பள்ளியில் இடம் கிடைத்தது. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் நாளே பார்த்துவிட்டேன். ஒரே ஒரு கேட். கேட்டுக்கு முன்னால் டிரான்ஸ்பார்மர். அதற்கடியில் கொதிக்கிற எண்ணெயோடு பஜ்ஜிக் கடை. எதிரே ஆட்டோக்கள், ஒவ்வொன்றிலிருந்தும் நம்ப முடியாத அளவுக்குப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அங்கே வேண்டாம் என்று இங்கே சேர்த்தது சரிதானா என்று அப்போதே ஒரு முறை யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

உள்ளே தண்டவாளத் துண்டில் யாரோ மணி அடித்தார்கள். கணீர் என்று தெருவே அதிர்ந்தது. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. மகள் அண்ணாந்து, உதடு அசையாமல் மெல்லக் கேட்டாள்.

“ஓடணுமா, ஒளியணுமா?”

“வரிசையில நிக்கணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. என் பிள்ளைதானே. ஆனாலும் போய் வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவளின் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். நான் டிரான்ஸ்பார்மருக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். அக்கா ஸ்கூட்டியில் இருந்தபடி ஹாரன் அடித்தாள்.

“ஏட்டி, ஏறு. வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுத்துதான் வச்சிருக்காவ.”

“இந்தா வாரேன்” என்றேன். வரிசை வகுப்புக்குள் போய் முடிகிறவரை அங்கேயே நின்றேன்.