சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியவள்

இந்த ஊரில் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் அறையில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே வருகிறவர், முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைப்பார். கிளம்பும்போதும் விடமாட்டார். இருமிக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் இருக்கிற எட்டுப் பேரைப் பார்த்து ‘ச்சூஸ்’ என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். எட்டுப் பேரும் தலையைத் தூக்காமல் திருப்பி ‘ச்சூஸ்’ சொல்வார்கள். லிஃப்டில் இரண்டு மாடி கூட வந்தவருக்கும் அதே மரியாதை. ஜெர்மனியில் எர்லாங்கன் என்கிற இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்குகிறவர் மொத்தப் பெட்டியையும் பார்த்து ‘வரேங்க’ என்றால் என்ன ஆகும்? வெயில் தலைக்கேறிவிட்டது என்று யாராவது ஓடிப்போய் சோடா வாங்கி வருவார்கள். ஏழு வருஷத்தில் எனக்கும் இது பழகிவிட்டது. எதற்கெடுத்தாலும் சொல்லிக்கொண்டு போகிற இந்த ஊரில்தான், போன நவம்பரில் ஒரு வீட்டிலிருந்து நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

என் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் இருக்கிற ஃப்ராவ் லேமானின், அதாவது திருமதி லேமானின், கணவர் இறந்துவிட்டார். இங்கே அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கறுப்பு விளிம்பு போட்ட அட்டை வாங்கி, இரண்டு வரி எழுதி, தபால் பெட்டியில் போட வேண்டும். கூப்பிட்டால் மட்டும் அடக்கத்துக்குப் போக வேண்டும். எனக்கு அதெல்லாம் தெரியும். ஆனாலும் ‘நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமல் போ’ என்கிற வீட்டில் வளர்ந்த கால் சும்மா இருக்குமா? மாடியேறி மணியடித்தேன். கதவைத் திறந்த அந்த அம்மாள், தண்ணீர்க் குழாய் ஏதும் உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, உங்களோடு கொஞ்ச நேரம் உட்கார வந்தேன் என்றேன். விநோதமாகப் பார்த்தார். உள்ளே விட்டார்.

துக்கம் விசாரிக்கிற அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது. அரை மணி நேரம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டில் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் இதே காரியத்துக்கு இன்னொரு தடவை வருகிறேன் என்று ஆகிவிடும். நான் எழுந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். சரியாக நடந்துகொண்டேன் என்று ஒரு திருப்திகூட இருந்தது.

இந்தச் சாவு வீட்டு நடைமுறையெல்லாம் எனக்குத் தாத்தாவிடமிருந்து வந்தவை. என் அப்பாவின் அப்பா. தாம்பரம் பக்கத்து ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர். ஏரித் தண்ணீரில் நெல் போட்ட நிலத்தை மனை மனையாக விற்று, வீடு கட்டி, இரண்டு போர்ஷனை வாடகைக்கு விட்டு, அதன் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சாவு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தவர் என்று அப்பா கிண்டல் செய்வார். சங்குச் சத்தம் கேட்டால் போதும், வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஜங்ஷனில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சொந்தமா, பந்தமா என்றெல்லாம் பார்ப்பதில்லை. தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், வாய்க்கரிசி எப்போது என்று காலனிக்காரர்கள் அவரைத்தான் கேட்பார்கள்.

நான் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம் அது. ஒரு சனிக்கிழமை, அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கேம்ப் ரோடு பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இறந்துபோயிருந்தார். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில் இருந்தான், வந்து சேர இரண்டு நாள் ஆகும். கூடத்தில் ஐஸ் பெட்டி, பக்கத்தில் அவர் மனைவி, சுற்றி எண்ணிப் பத்துப் பேர். ஒவ்வொருவராக வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். முறைப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை. தாத்தாவும் எழுந்தார். வாசலுக்குப் போகாமல் நேராக அந்த அம்மாவிடம் போய்க் குனிந்தார்.

“நான் போய்ட்டு நாளைக்குக் காலைல வரேம்மா” என்றார்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “பெரியவரே, இங்க வந்து அப்படிச் சொல்லலாமா?” என்று ஒருவர் முகம் சுளித்தார். எனக்கு மானம் போயிற்று. ஸ்கூட்டர் மெயின் ரோட்டுக்கு வருகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, பிடித்துக்கொண்டேன்.

“ஊருக்கே முறை சொல்றவர் நீங்க. உங்களுக்கே மறந்துடுச்சா தாத்தா?”

“மறக்கல்லாம் இல்ல. அந்தம்மா வாசலயே பாத்துகினு கீது. வரவன் போறவன் ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்லல. எல்லாரும் பூட்டா அது இன்னா பண்ணும், தனியா?”

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு வீட்டில், தாத்தாவுக்கு வயசாகிவிட்டது, எங்கே எதைச் சொல்வதென்று தெரியவில்லை என்று நடித்துக் காட்டினேன். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தாத்தாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். மறுநாள் காலையில் இட்லிப் பொட்டலத்தோடு ஷேர் ஆட்டோ பிடித்து அந்த வீட்டுக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை.

ஃப்ராவ் லேமானை மூன்று வாரம் கழித்து அடித்தளத்தில் துணி துவைக்கிற அறையில் பார்த்தேன். தயங்கித் தயங்கி, தான் அன்றைக்கு ஏதாவது தவறாகப் பேசிவிட்டோமா என்று கேட்டார். இரண்டு கோப்பையில் காப்பி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நாற்காலியில் நான் இல்லை. குளியலறையில் இருப்பேன் என்று நினைத்துக் காப்பி ஆறுகிற வரைக்கும் காத்திருந்தாராம். என் அரைகுறை ஜெர்மனில் நம் வழக்கத்தை விளக்கினேன். அவர் தலையணை உறையை மடித்தபடி கேட்டுக்கொண்டார். பிறகு, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், “அப்படியானால் உங்கள் ஊரில், வீட்டில் மிச்சமிருக்கிற ஆளுக்கு யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

தாத்தா ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னதையே, நியூரம்பர்க் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் கேள்வியாகக் கேட்டுவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். ஃப்ராவ் லேமானுக்காக அழவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்பா திடீரென்று போய்விட்டார். எனக்காக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். போய்ச் சேர்ந்தேன், முகம் பார்த்தேன். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இருக்க முடியவில்லை, ஒன்பதாம் நாளே கிளம்பினேன். மாலை விமானம். மதியம் வண்டி வந்து வாசலில் நின்றது. தாத்தா கூடத்தில் அப்பாவின் படத்துக்கும் விளக்குக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பெற்ற பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற எண்பத்தைந்து வயசு மனுஷன். நான் பெட்டியோடு அறையிலிருந்து வந்தபோது அத்தை, அப்பாவின் தங்கை, என் முழங்கையைப் பிடித்தாள். “துக்க வூடு. சொல்லிக்காத. திரும்பிப் பாக்காம போ கண்ணு.”

தாத்தா என்னைப் பார்த்துவிட்டார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். நான் டிரைவர் கூப்பிடுகிற மாதிரி போனைப் பார்த்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தச் சாங்கியத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது. கிட்டே போனால் “எப்போ வருவே?” என்று கேட்பார். என்னிடம் பதில் கிடையாது. அதனால் முறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். முன்பின் தெரியாத ஒருத்திக்காக ஊர்முன்னால் முறையை மீறிய மனுஷனிடம், முறை தவறாமல் நடந்துகொண்டேன். எல்லா முறையும் அவருக்குத் தெரியும், எதை எந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்பது அவர் மனசுக்குத் தெரியும். எனக்கு அந்த மனசு வரவில்லை. படிப்பு வந்தது, விசா வந்தது.

எர்லாங்கன் வந்து சேர்ந்ததும் அம்மா போனில் சொன்னாள். “நீ போனப்புறம் வாசலுக்கு வந்து நின்னாரு. ‘பொண்ணு கெளம்பிடுச்சா? எங்கிட்ட சொல்லவே இல்லியே’ன்னாரு. ‘துக்க வூடுப்பா, சொல்லக் கூடாது’ன்னு உங்க அத்தைதான் சொன்னாங்க. ‘ஆமாமா, கூடாது, கூடாது’ன்னுட்டு உள்ள போயிட்டாரு.”

அந்த வருஷம் டிசம்பரில் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போனில் பேசும்போதெல்லாம் ‘சாப்ட்டியா’ என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். நானும் விட்டுவிட்டேன். அதற்குள் அக்டோபரிலேயே தாத்தா போய்விட்டார். “வயசான சாவுதானே, கல்யாணச் சாவு, நீ அலைய வேணாம்” என்றாள் அம்மா. நினைத்திருந்தால் போயிருக்கலாம். போகவில்லை.

அவரை எடுக்கிற நேரம் இங்கே காலை பதினோரு மணி. என் சமையலறையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ காலில் பார்த்தேன். அங்கே அம்மாவின் போன் ஏதோ நாற்காலியில் இருந்தது. கால்களும் மாலைகளும் தெரிந்தன. மேளச் சத்தம் இரைச்சலாகக் கேட்டது. தூக்கினார்கள். யாரோ நாற்காலியை இடித்ததில் போன் மல்லாந்து விழுந்தது. கூடத்து மின்விசிறி மட்டும் தெரிந்தது. அம்மா என்னை மறந்துவிட்டாள். ஆண்கள் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். வாளித் தண்ணீர் தரையில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை, சத்தமாக, ‘போய்ட்டு வரேன் தாத்தா’ என்று சொல்லிவிட்டு வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தையின் முகம் குனிந்து பார்த்தது. அழுது வீங்கிய முகம்.

“நீயா? இன்னும் இருக்கியா? சொல்லிக்காம வெச்சிடு கண்ணு” என்றாள்.

வைத்துவிட்டேன். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வேறு வேலை பார்க்க வேண்டும். நான் போனேனா, போகவில்லையா? குளியலறைக் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பதினொன்றரைக்கு ஒரு மீட்டிங் இருந்தது. கேமராவில் ஈரத் தலையோடு தெரிந்தால் ஏன் என்று கேட்பார்கள். முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.