மூன்று சுற்று சிவப்பு நூல்

போன திங்கட்கிழமை எடப்பாடியிலிருந்து தங்கை சரசு போன் செய்தாள். "பணம் கைக்கு வந்துருச்சுங்ணா!" என்றாள். அடுத்து அழுகைதான் வந்தது. பின்னே? ஒன்றேகால் வருடக் காத்திருப்பு!

அன்று சரசு மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட நாற்பதாயிரம் ரூபாயோடு பஸ் ஏறியிருந்தாள். பக்கத்தில் நின்ற ஆசாமி பையோடு இறங்கிவிட்டான். அன்று மதியமே போலீஸில் மாட்டினான். பையை எங்கோ வீசிவிட்டான், ஆனால் பணக்கட்டு மடியில் அப்படியே இருந்தது. கிடைத்ததைக் கையோடு கொடுத்துவிடுவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? இல்லை... அது வழக்குச் சொத்தாம். நேராகக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. சரசு கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஃபீஸ் கட்டினாள்.

அன்று ஸ்டேஷனுக்குப் போனவன் நான். ஏட்டய்யா ஒருவர் பறிமுதல் மகஜர் எழுதினார்... எழுதினார்... எழுதிக்கொண்டே இருந்தார். நோட்டு நம்பர்களோடு விட்டாரா? 'சிவப்பு நூலால் மூன்று சுற்று சுற்றி, சிறு முடிச்சு இட்ட கட்டு' என்று அதற்கும் ஒரு வரி!

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, நூலுக்கெல்லாமா கணக்கு? பணத்தை மட்டும் எழுதுனா ஆகாதுங்களா?"

"இருக்கறத எழுதோணுமில்லீங்க" என்றார். பேனா நிற்கவில்லை.

விசாரணையில் அந்த ஆசாமி ஒரே போடாகப் போட்டான். ஆடு விற்ற பணமாம், அவனுடையதாம்! அவனுடைய வக்கீல் சரசுவைப் பார்த்து, "நோட்டுல உங்க பேரா எழுதியிருக்கு?" என்றார். பணம் கைவிட்டுப் போனால் சங்கிலியும் போகும். அடகுக் கடையிலிருந்து ஏல நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தது.

சரசு அசரவில்லை. "பேரு இல்லீங்க. முடிச்சு இருக்குதுங்க. எங்க ஊட்டுல நாலு தறி ஓடுது. இழை அறுந்தா போடற முடிச்சைத்தான் பணக்கட்டுக்கும் போடுவேனுங்க."

நீதிபதி அம்மா மகஜரைப் புரட்டினார். அந்த வரி இருந்தது. "போட்டுக் காட்டுங்க" என்றார். சேலைத் தலைப்பிலிருந்து ஓர் இழையை உருவி, இரண்டாகக் கிள்ளி, நான் கண் சிமிட்டுவதற்குள் முடிந்து நீட்டினாள். பணக்கட்டு இருந்த சீல் கவரைப் பிரித்துப் பார்த்தார்கள். அதே கடுகளவு முடிச்சு!

பணம் சரசுவுடையதுதான் என்று தீர்ப்பு வந்தது. அப்பீல் காலம் முடிந்ததும் மனு எழுதுவதிலிருந்து கையெழுத்துப் போடும் இடம் வரை கோர்ட் கிளார்க் அம்மா கூடவே நின்று சொல்லிக் கொடுத்தார். பத்துப் பைசா கேட்கவில்லை. பணத்தோடு அந்த நூலையும் கொடுத்து, அதற்கும் தனிக் கையெழுத்து வாங்கினார்களாம். சாயங்காலமே சங்கிலி சரசுவின் கழுத்துக்குத் திரும்பிவிட்டது.

நான் ஏட்டய்யாவுக்குப் போன் போட்டேன். "அன்னைக்கு எரிஞ்சு விழுந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க. நீங்க எழுதுன அந்த ஒரு வரிதானுங்க எங்களைக் காப்பாத்துச்சு" என்றேன்.

"அட உடுங்க சாமி... தங்கச்சி சங்கிலிய மீட்டுட்டாங்களா?" என்றார். சங்கிலி விஷயத்தை நான் அவரிடம் எப்போதோ புலம்பியிருக்கிறேன் போல. அதையும் மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறார், மனிதர்!

தேவையில்லாத வரி என்று ஒன்று உண்டா என்ன? என் பத்தியை வாராவாரம் வெட்டும் எடிட்டர் சார்... இதையாவது முழுசாகப் போடுங்கள்!