ஆற்றங்கரையில் யாரும் மறுத்துப் பேசவில்லை

பிலோமினா இறந்த செய்தி காலையில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு முந்தைய செய்தி கூட்ட அறையின் ஏர்கோன் பழுதானதைப் பற்றியது. யாரோ ஒருவர் இரண்டுக்கும் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, பிறகு ஒன்றை மட்டும் மாற்றிக் கைகூப்பினார். நான் பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தோசையை முடித்தேன், கை கழுவினேன், அலுவலகத்துக்குப் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மலேசியாவின் பஹாங் மழைக்காட்டில் ஆற்றோரம் வாழும் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களுக்கு, காட்டையும் ஆற்றையும் கெடுக்காமல் பிழைக்கும் வழியைக் காட்டுவது எங்கள் அமைப்பின் பணி. அவர்கள் பல தலைமுறைகளாக அப்படித்தான் பிழைக்கிறார்கள் என்பதை நாங்கள் ஒரு தடையாகக் கருதியதில்லை. பிலோமினா களப்பணியைப் பார்த்துக்கொண்டார். நான் அறிக்கைகள் எழுதினேன். "ரைட்டர், உங்க ரிப்போர்ட்ல ஆறு ரொம்ப சந்தோஷமா இருக்கு லா" என்பார்.

அவருடன் பணியாற்றியவர்களுக்கு மீன் கூண்டுக் கூட்டம் நினைவிருக்கும். ஆற்றில் கூண்டுகளை மிதக்கவிட்டு மீன் வளர்க்கலாம் என்று எங்கள் இயக்குநர் படம் போட்டு விளக்கினார். யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார். ஊரே பேசாமல் இருந்தது. நாங்கள் கைதட்டினோம். பிஸ்கட் கொடுத்தார்கள், சாப்பிட்டோம். திரும்பும் வழியில் முன் இருக்கையிலிருந்து பிலோமினா இயக்குநரிடம் சொன்னார்.

"அவங்க வேணாம்னுட்டாங்க, பாஸ்."

"யாரும் ஒன்னும் சொல்லலையே?"

"அதான் சொல்றேன். வந்தவங்க மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல மாட்டாங்க. பேசாம இருந்துடுவாங்க. வேணும்னா வாயத் தொறந்து வேணும்னு சொல்வாங்க."

எதிர்ப்பு ஏதும் பதிவாகவில்லை என்று நான் அறிக்கையில் எழுதினேன். கூண்டுகள் லோரியில் போய், படகில் ஏறி, ஊர் சேர்ந்தன. அடுத்த முறை போனபோது அவை கரையில் இருந்தன. உள்ளே வாத்துகள் இருந்தன, நல்ல ஆரோக்கியத்துடன்.

பிலோமினா அதன் பிறகு தனியாகப் போனார். படம் எதுவும் கொண்டுபோகவில்லை. மூன்றாவது பயணத்தில்தான் ஒருவர் வாயைத் திறந்தாராம். உயர்ந்த மரங்களில் ஏறித் தேன் எடுக்க அவர்களுக்குத் தெரியும். ஆனால் வாங்க வருவது ஒரே ஒரு இடைத்தரகர். அவர் சொல்வதுதான் விலை. இன்னொருவர் வந்தால் போதும் என்றார்களாம். அந்த இன்னொருவராகப் பிலோமினாவே ஆனார். பூக்காலம் முடிந்ததும் படகில் போவார், ஊர் சொன்ன விலைக்கு வாங்குவார், கிள்ளானில் ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களிடம் விற்பார். போன வருடம் கறுப்பாக இருந்த தேன் இந்த வருடம் சிவப்பாக இருக்கிறதே என்று ஒருவர் குறைபட்டார். "அங்கிள், பூ மாறினா தேன் மாறும். ஒரே மாதிரி வேணும்னா சீனிப்பாகு வாங்கிக்குங்க" என்றார் பிலோமினா. குறைபட்டவர் இரண்டு போத்தல் வாங்கிப்போனார்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெரிய கடை மாதந்தோறும் தேன் கேட்டது. இயக்குநர் மகிழ்ந்தார். பிலோமினா ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, முடியாது என்று கடைக்குச் சொல்லிவிட்டார். ஊரில் என்ன காரணம் சொன்னார்கள் என்று கடை மேலாளர் விசாரித்தார். "ஒன்னும் சொல்லல. ரொம்ப நேரம் ஒன்னும் சொல்லல" என்று பிலோமினா விளக்கினார்.

பண்டமாரானில் பிலோமினாவின் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே செபமாலை நடந்துகொண்டிருந்தது. திட்டத்தை இனி மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்று இயக்குநர் என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கோப்பி எடுக்கப் போனார். அப்போது ஒரு வேனில் ஊர்த்தலைவரும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள். பாத்தின் என்று அவரை அழைப்பார்கள். சவப்பெட்டியருகே ஒரு போத்தல் தேனை வைத்துவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பூ உதிரத் தொடங்கிவிட்டது என்று மலாயில் சொன்னார். இடைத்தரகர் இப்போதே வந்து விசாரித்துவிட்டுப் போனாராம். இனி தேன் எடுக்க யாராவது வருவார்களா என்று கேட்டார்.

நான் யோசித்தேன். எனக்கு முழங்கால் வலி உண்டு. படகு ஒத்துக்கொள்ளாது. எதையும் விற்றுப் பழக்கமில்லை. பாத்தின் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு தலையசைத்து, என் கையைத் தட்டிக்கொடுத்து, மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், நான் என்ன பதில் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. எழுந்து போய், தேன் எடுக்க நான் வருகிறேன் என்றேன். அவருக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். செபமாலை சொன்னவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அட்டை கடிக்கும், நீளக் காலுறை கொண்டுவாருங்கள் என்றார் பாத்தின்.

பிலோமினாவின் காலித் தேன் டப்பாக்கள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. எவ்வளவு கழுவினாலும் எறும்பு வருகிறது. அவர் கேட்ட விதத்தில் கேட்கவும் கொஞ்சம் பழகியிருக்கிறேன். அன்று பெட்டியை மூடுவதற்கு முன் அருகில் போய், இந்த ஒரு முறை மட்டும் கூட வருகிறீர்களா என்று கேட்டேன். பிலோமினா பேசவில்லை. பதிலைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.