வெட்டச் சொன்ன படம்

எங்கள் கோயிலின் இணையதளம் தெங்கேரா கடைத்தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது என்றால் சிரிப்பார்கள். எனக்கு அது அங்கேதான் இருந்தது. ஒட்டடை படிந்த மின்விசிறி, கால் ஆடும் மேசை, கீழ்க்கடையிலிருந்து படியேறி வரும் பெலாச்சான் இறால்விழுதின் வாடை, நடுவில் என் கணினி. நான் அதன் ஆசிரியை. கோயில் தலைவரின் உரையில் பிழை திருத்துவேன். அவரைத் திட்டி வரும் பின்னூட்டங்களை நீக்குவேன். படங்களில் அவர் தொப்பையை வெட்டுவேன். பல வருடம் வெட்டினேன். கத்தி யார் கையில் இருக்கிறது என்பதை அவர் நன்றாக மறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

தலைவர் ஒரு காலத்தில், பெம்பான் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. என் அம்மா அங்கே பால்மரம் சீவினாள். தோட்டத்தை விற்று, வீடு கட்ட நிலத்தைச் சமன் செய்தபோது, கோயிலையும் தள்ள ஒரு மண்வாரி இயந்திரம் வந்தது. அம்மா அதன் முன்னால் செம்மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் பிறகுதான் வந்தார்கள். தோட்டத்தை நடத்திய துரை வந்தார். துரைமேல் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு கிராணியும் வந்தார். கிராணிதான் அம்மாவைப் பார்த்துக் கத்தினார்:

"எந்திரி. ஒனக்கெல்லாம் சாமி ஒரு கேடா?"

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். எத்தனையோ பேர் எழுதியதைத் திருத்திவிட்டேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் திருத்தப்படாமல் எனக்குள் கிடந்தது.

பெண்கள் யாரும் எழவில்லை; இயந்திரம் திரும்பிப் போனது. வீடமைப்பின் ஓரத்தில், பெரிய லோங்காங் சாக்கடையை ஒட்டி, கோயிலுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கிராணி தலைவரானார். "நான் காப்பாத்துன கோயிலு" என்றார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். எங்கள் திருவிழாவில் முதல் பால்குடம் எடுக்கும் பெண்ணுக்குத் தலைவர் குடை பிடித்து நடக்க வேண்டும். அது வழக்கம். கோயிலைக் காத்த வீடு என்று அந்தக் குடம் ஒவ்வொரு வருடமும் அவர் மனைவியின் தலைக்கே போனது. அம்மா, மேளச் சத்தம் தேய்ந்துபோகும் கடைசி வரிசையில் நடந்தாள்.

இந்த வருடம் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த இளையவர்கள் அடம்பிடித்தார்கள். "யாரு காப்பாத்துனாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் லா? வெப்சைட்ல வரலாறு போடுங்க, படத்தோட. அதுல யாரு இருக்காங்களோ அந்த வீட்டுக்கு மொத கொடம்."

மறுநாளே தலைவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து கைப்பேசியை நீட்டினார். இயந்திரம் வந்த அன்று எடுத்து, வீட்டு அலமாரியில் கிடந்த பழைய படம் ஒன்றை அப்படியே கைப்பேசியில் எடுத்திருந்தார்.

"தங்கச்சி, இந்த வெட்டுற வேலையெல்லாம் எனக்கு வராது. எடது பக்கத்த எடுத்துரு. தொரைய எடுத்துரு. கொடையையும் எடுத்துரு. நானும் கோயிலும் போதும்."

"கொடைய எடுத்தா கை அந்தரத்துல நிக்குமே, அண்ணே."

"ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்கட்டும் லா!"

"எடது பக்கம் ஒக்காந்திருக்கறது யாரு?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முக்காடு, செம்மண், கல்லாக இறுகிய ஒரு முகம். "யாரோ தோட்டத்துப் பொம்பள. முக்கியமில்ல."

வருடா வருடம் அம்மாவுக்குப் பிரசாதம் நீட்டுகிறவர். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. திட்டியதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன். மறந்ததை மன்னிக்க எனக்கு மனம் இல்லை.

வெட்டவில்லை. முழுப்படத்தையும் பக்கத்தின் உச்சியில் ஏற்றினேன். கீழே எழுதினேன்: இடமிருந்து வலம், கோயிலை இடிக்க வந்த இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர், பால்மரத் தொழிலாளி. அங்கே அம்மாவின் பெயரை அவள் அப்பாவின் முதலெழுத்தோடு போட்டேன். நிற்பவர், தோட்டத் துரை. துரைக்குக் குடை பிடிப்பவர், அன்றைய கிராணி, இன்றைய தலைவர். ஓர் அடைமொழி சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கோபம் என்று சொல்லித் தப்பித்திருப்பார்.

பின்னூட்டங்கள் மழைபோல் விழுந்தன. ஒன்றையும் நீக்கவில்லை. ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துக் கரைத்துப் படித்தேன். தொலைபேசி அலறியது.

"எடு அத! இப்பவே எடு!"

"எது பொய்யின்னு சொல்லுங்க அண்ணே. திருத்திடறேன்."



"ஒன்ன வேலைய விட்டுத் தூக்கிருவேன்."

"தூக்குங்க. திருவிழா முடியட்டும்."

பிறகு தூக்கவும் செய்தார். போகட்டும்.

திருவிழாவன்று வெயில் தார்ச்சாலையை உருக்கியது. படத்தைப் பார்த்த இளையவர்கள் முடிவு செய்தபடி, அம்மா மஞ்சள் சேலையில், தலையில் முதல் குடத்தோடு நின்றாள். குடை தலைவரிடம் வந்தது. வழக்கம் ஆயிற்றே, மறுக்க முடியுமா? எல்லாக் கைப்பேசிகளும் உயர்ந்தன. நான் மேளக்காரர்களிடம் போய், "மெதுவா அடிங்க, அம்மாவுக்கு முட்டி வலி" என்றேன். அம்மாவின் முட்டிக்கு ஒன்றுமில்லை. ஊர்வலம் ஊர்ந்தது. குடை தாழ்ந்தது; அவர் கையை மாற்றிக்கொண்டார்; மறுபடி தாழ்ந்தது. நான் பக்கத்திலேயே நடந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அம்மா குடம் அசையாமல், முகம் திருப்பாமல் சொன்னாள்:

"கொஞ்சம் ஒசத்திப் புடிங்க, கிராணியாரே. வெயிலு படுது."